கடிகாரத்துக்கு எதற்கு ஊர்ப் பட்டியல்?

என் வீட்டுக்காரரை ஆபீசில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'கச்சிதம்'. மரியாதை உள்ளவர்கள் 'கச்சிதம் சார்' என்பார்கள். மரியாதை இல்லாதவர்களும் அதையேதான் சொல்வார்கள், கொஞ்சம் இழுத்துச் சொல்வார்கள், அவ்வளவுதான். நானும் அதே ஆபீஸ்தான், பார்சல் ஆபீஸ். அவர் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜையில் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவார். நான் முதல் கவுண்டரில் உட்கார்ந்து அந்தப் புரோகிராமோடு மல்லுக்கட்டுவேன். சமைப்பவரும் சாப்பிடுபவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் என்ன சண்டை வருமோ, அது எங்களுக்கு வீட்டிலும் உண்டு, ஆபீசிலும் உண்டு.

எதுவாக இருந்தாலும் அவருக்குக் கச்சிதமாக இருக்க வேண்டும். கடைக்குப் போனால் எல்லாச் சாமானையும் ஒரே பையில் அடைத்துக்கொண்டு வருவார். அடியில் இருக்கும் தக்காளியின் கதியைப் பற்றி நான் கேட்கக் கூடாது. பேச்சும் அப்படித்தான். "சாப்பாடு எப்படி?" என்றால் "ம்" என்பார். அந்த 'ம்'மில் உப்பு, காரம், பாராட்டு எல்லாம் அடங்கியிருக்கிறதாம். பிரித்து எடுத்துக்கொள்வது என் சாமர்த்தியம்.

மகள் பிறந்த பிறகு முதன்முதலாக வெளியூர் போனபோது மூன்று பேர் துணிமணி, துண்டு, குழந்தையின் போர்வை, பிளாஸ்க் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தார். ஒவ்வொரு சட்டையையும் உருட்டி, காற்றை அமுக்கி வெளியே விட்டு, கடைசியில் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்தார். எதிர்வீட்டுக்காரர்கள் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. லாட்ஜில் பெட்டியைத் திறந்ததும் கட்டில் நிறைந்தது, நாற்காலி நிறைந்தது, எங்களுக்கு உட்கார இடமில்லை. திரும்பி வரும்போது எவ்வளவு ஏறி உட்கார்ந்தும் எதுவும் அடங்காமல் புதிதாக இரண்டு பை வாங்கினோம். "ஜிப் சரியில்ல" என்றார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மேலாளர் எப்படி இருப்பார்? அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, 'ஒன்றரை'. ஒரு காலத்தில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு எதையாவது கொண்டுபோக வேண்டுமென்றால் பிளாப்பி என்ற சதுரமான தட்டையான வஸ்துவில்தான் கொண்டுபோவார்கள். ஒன்றரை எம்.பி.கூட அதில் முழுசாகக் கொள்ளாது. ஒரு பிளாப்பியில் அடங்காத எந்தப் புரோகிராமும் கவுண்டரில் உட்காரக் கூடாது என்று மேலாளர் அப்போது ஒரு சட்டம் போட்டார். அன்றைக்கு அது நியாயமான சட்டம். பிறகு பிளாப்பி செத்தது. அதைப் படிக்கும் இயந்திரமும் செத்தது. சட்டம் மட்டும் மேலாளரின் கையெழுத்தோடு நோட்டீஸ் போர்டில் உயிரோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் படிந்த தூசியை அவரே கைக்குட்டையால் துடைப்பார்.

புதிதாக ஒரு புரோகிராம் வந்தால் அது என்ன செய்கிறது என்று அவர் கேட்கமாட்டார். அந்தக் கோப்பு எத்தனை பெரிது என்று பார்ப்பார். ஒன்றரைக்குள் இருந்தால் தலையாட்டுவார், இல்லையென்றால் டிராயரைத் திறந்து, பத்திரமாக வைத்திருக்கும் நீல நிறப் பிளாப்பி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைப்பார். பேச்சு அதோடு முடிந்தது. இப்படி ஒரு சட்டமும் இப்படி ஒரு கச்சிதமும் ஒரே கட்டடத்தில் சேர்ந்ததைத்தான் ஜாடிக்கேற்ற மூடி என்கிறார்கள்.

போன வருஷம் பார்சல் எடை, முகவரி, ஊர், கட்டணம், லேபிள், ரசீது, டோக்கன், அன்றைய கணக்கு எல்லாவற்றுக்கும் புதிதாகப் புரோகிராம் எழுதச் சொல்லி மேலாளர் இவரிடம் வேலையை ஒப்படைத்தார். கூடவே திரையின் மூலையில் ஒரு கடிகாரமும் ஓட வேண்டும் என்றார். கவுண்டர் சுவரில் கடிகாரம் இருக்கிறது, என் கையில் இருக்கிறது, வரிசையில் நிற்பவர்கள் எல்லோர் கையிலும் இருக்கிறது. ஆனாலும் வேண்டும். இவர் உட்கார்ந்து எழுதினார். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒன்றரையில் அடங்கவில்லை. ஆகவே ஒன்றை ஒன்பதாக உடைத்தார். எடைக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று, லேபிளுக்கு ஒன்று என்று ஒன்பது குட்டிப் புரோகிராம். ஒவ்வொன்றும் ஒன்றரைக்குள். மேலாளர் ஒவ்வொன்றாக அளவு பார்த்து ஒன்பது தடவை தலையாட்டினார்.

"மூர்த்தி சிறிசானாலும் கீர்த்தி பெரிசு. கச்சிதம், பின்னிட்டீங்க" என்று தோளில் தட்டினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இவர் எனக்குத் தானாகக் காபி போட்டுக் கொடுத்தார். அந்த அளவு சந்தோஷம்.

எங்களுக்கோ மறுநாள் காலையிலிருந்தே சந்தோஷம் இல்லை. கூட்டம் இல்லாத நேரத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும். வரிசை வாசலைத் தொட்டதும் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். எடையைத் தட்டிவிட்டுப் பார்த்தால் எண் வராது. தட்டினோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வந்து இன்னொரு தடவை தட்டினால் இரண்டும் சேர்ந்து வந்து நிற்கும். ஒரு ஜோடிச் செருப்புக்கு ஒரு மாட்டின் எடை காட்டும். அப்புறம் 'கொஞ்சம் பொறு' என்று திரையில் அந்த வட்டம் வரும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். நானும் இரண்டாம் கவுண்டர்காரியும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொள்வோம்.

"ஏம்மா, நான் பார்சலைத் தலையில வெச்சு நடந்திருந்தாக்கூட இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றார் ஒரு பெரியவர்.

"நடங்களேன், நான் வேண்டாம்னா சொன்னேன்?" என்று சொல்ல நாக்கு துடித்தது. சிரித்து வைத்தேன். கவுண்டர் வேலையில் பாதி அதுதான்.

மாடிப்படிக்குக் கீழே போய் அவரிடம் சொன்னேன். "உங்க புரோகிராம் நின்னுபோகுது."

"என்னோடதா? ஒவ்வொண்ணும் ஒண்ணரைகூட இல்ல. நீ பாட்டு போடற, அதான்."

உண்மைதான், மெதுவாகப் பழைய பாட்டு ஓடவிட்டு வேலை செய்வது என் வழக்கம். மறுநாள் பாட்டை நிறுத்தினேன். வட்டம் சுற்றியது. பாட்டே போடாத இரண்டாம் கவுண்டர்காரியிடமும் சுற்றியது. போய்ச் சொன்னேன். "மின்சாரம் சரியில்ல" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது ஒரே கூடத்தைத்தான் குறை சொன்னாள். இவர் மின்சாரம், கேபிள், தூசி, என் விரல் என்று வரிசையாக எல்லாவற்றையும் குறை சொன்னார்.

இப்படியே கொஞ்ச நாள் ஓடியிருக்கும். புகார் தலைமையகம்வரை போய்விட்டது. அங்கிருந்து ஒரு அம்மா நேரில் வந்து கவுண்டர்களைப் பார்க்கப் போவதாகத் தகவல் வந்தது. மேலாளர் இவரைக் கூப்பிட்டார். நான் கதவுக்கு வெளியே ஒரு பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பார்சலுக்கு அதற்கு முன்பே போதுமான டேப் ஒட்டியாகியிருந்தது.

"அந்தம்மா வர்ற அன்னிக்குக் கவுண்டர் நின்னா என் கையில ஒண்ணும் இல்ல கச்சிதம். கிடங்குல ஒரு ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. உங்களை அனுப்பறதைத் தவிர வேற வழி தெரியல."

கிடங்கு வேறு ஊரில் இருக்கிறது. விடிவதற்குள் பஸ் ஏறினால் வெயில் ஏறியபின் போய்ச் சேரலாம். அங்கே போனவர்கள் வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார்கள். இதற்கு முன்னால் போனவர் தாடியோடு திரும்பி வந்தார், மூட்டைகளோடு பேசிப் பழகி மனிதர்களைப் பார்த்தால் எண்ண ஆரம்பித்துவிட்டார் என்று ஆபீசில் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பேசவே பேசாத மனிதர்தான், ஆனால் அவர் பேசாமல் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கும் அவரே இல்லாத வீட்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும்.

அன்றைக்கு மத்தியானம் கூட்டம் நெரிக்கும் நேரத்தில், எந்தப் புரோகிராம் எவ்வளவு மெமரி தின்கிறது என்று காட்டும் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். அவர் எப்போதோ யாருக்கோ காட்டியபோது பின்னால் நின்று பார்த்த ஞாபகம். பார்த்ததை அப்படியே மனதில் வைத்துக்கொண்டு, அவர் சாப்பிட உட்காரும்வரை காத்திருந்தேன். சாப்பிடும்போது அவர் எழுந்து ஓடமாட்டார். மகள் காதில் மாட்டிய பாட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கடிகாரம் எவ்வளவு பெரிசு?" என்றேன்.

"ஒண்ணரைக்குள்ள."

"அது டிஸ்க்ல. ஓடும்போது?"

அவர் கை தட்டில் நின்றது. "எதுக்கு?"

"நூத்துப் பத்து. நான் பார்த்தேன். மணி காட்டறதுக்கு நூத்துப் பத்து எம்.பி.யா? பக்கத்துல முகவரியும் நூத்துப் பத்து, டோக்கனும் நூத்துப் பத்து. ஒண்ணரை எப்படிங்க நூத்துப் பத்தாச்சு? இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்கற கதையால்ல இருக்கு!"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரைப் பற்றித் தப்பாக யாராவது பேசினால் மட்டும் என் வீட்டுக்காரருக்குக் கச்சிதம் மறந்துவிடும். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். அன்றைக்கும் அப்படித்தான்.

"உனக்குப் புரியல. டிஸ்க்ல இருக்கறது சுருட்டி வெச்ச பாய். மூலையில சாத்தி வெச்சா இடமே அடைக்காது. படுக்கணும்னா விரிக்கணுமா இல்லையா? விரிச்சா அறை பூரா வரத்தான் செய்யும். மெமரிங்கறது அந்த அறை. புரோகிராம்ல நான் எழுதி வெச்சிருக்கறது என்னென்ன செய்யணும்ங்கற குறிப்பு மட்டும்தான். அதைப் படிச்சு வேலை செய்ய ஒரு ஆள் வேணும். அந்த ஆள் ஏற்கெனவே கம்ப்யூட்டர்ல இருக்கான், என் கோப்புக்குள்ள அவனை நான் வெக்கறதில்ல. ஆனா ஓட ஆரம்பிச்சா அவன்தான் முதல்ல வந்து உக்காருவான். அவனுக்குத் துணைக்கு எழுத்து வரையறவன், பட்டன் வரையறவன், பிரிண்டர்கிட்ட பேசறவன் எல்லாரும் வருவாங்க."

"கடிகாரம் எதுக்குங்க பிரிண்டர்கிட்ட பேசணும்?"

"பேசாது. ஆனா பேசறவன் வந்து உக்காந்திருப்பான்."

மகள் காதிலிருந்து ஒரு பக்கத்தைக் கழற்றினாள்.

"அப்புறம் மேல நம்ம ஆபீஸ் சின்னம் இருக்கில்ல, அந்தப் படம். கோப்புல அதைச் சுருக்கி வெச்சிருக்கு. திரையில காட்டணும்னா ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம்னு விரிச்சாகணும், பத்து மடங்கு ஆகும். ஊர்ப் பட்டியலும் அப்படித்தான். அத்தனை ஊரையும் அமுக்கி அமுக்கி ஒண்ணரைக்குள்ள கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். புரோகிராம் திறந்தவுடனே அதை மொத்தமா விரிச்சு மெமரியில பரப்பிடும். அப்பத்தான் ஊரைத் தேட வேகமா இருக்கும்."

"சரி. கடிகாரத்துக்கு எதுக்கு ஊர்ப் பட்டியல்?"

"எல்லாம் ஒரே அச்சு. முதல்ல ஒண்ணு எழுதினேன். அதையே நகல் எடுத்து, மேல மட்டும் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி ஒன்பதாக்கினேன். அதனால எல்லாத்துலயும் ஊர்ப் பட்டியல் இருக்கும்."

"அப்ப ஒன்பது தடவை விரிக்குமா?"

"ஆமா."

"ஒரே பட்டியல்தானேப்பா? ஒருத்தர் விரிச்சதை மத்தவங்க பொதுவா வெச்சுக்க முடியாதா?" என்று மகள் கேட்டாள்.

"அந்த ஆள், துணை ஆள், இதுல கொஞ்சம் பொதுவா வெச்சுக்கும். ஆனா அவங்கவங்க விரிச்ச பாய் அவங்கவங்களுக்குத்தான். ஒரு புரோகிராம் இன்னொண்ணோட இடத்துல கால் வெக்க முடியாது. கூட்டம் வந்தா ஒன்பதும் ஒரே நேரத்துல ஓடும். இருக்கற மெமரி பத்தாது. பத்தலைன்னா கம்ப்யூட்டர் கொஞ்சத்தை எடுத்து டிஸ்க்ல போடும். போட்டதே உடனே வேணும்னு கேக்கும். போடறதும் எடுக்கறதுமா... அதான் அந்த வட்டம் சுத்தி..."

நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. மகள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், காதில் மறுபடி மாட்டிக்கொண்டாள். எனக்கும் அவள் வழியே சரி என்று பட்டது. தட்டில் மிச்சமிருந்ததை அவர் சாப்பிடவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார். "அப்போ காரணம் என் பாட்டு இல்லையா?" என்று கேட்க ஆசை. கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு எனக்கு யாராவது பரிசு கொடுத்திருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து மாடிப்படிக்குக் கீழே ஒரே தட்டல் சத்தம். ஒன்பதையும் மறுபடி ஒன்றாக்கினார். ஒரு ஆள், ஒரு துணைக் கூட்டம், ஒரு சின்னம். ஊர்ப் பட்டியலை அமுக்குவதை விட்டுவிட்டு, டிஸ்க்கிலேயே வரிசையாக அகலமாக அடுக்கி வைத்தார். எந்த ஊர் வேண்டுமோ அந்த ஊரை மட்டும் போய் எடுத்துவரும்படி செய்தார். அதனால் டிஸ்க்கில் கோப்பு பெருத்தது. ஓடும்போது மெமரியில் அது உட்கார்ந்த இடமோ பழைய ஒன்பதும் சேர்ந்து பிடித்ததில் கால்வாசிகூட இல்லை. முதலில் என் கவுண்டரில்தான் போட்டுப் பார்த்தார். எடை தட்டினேன், எண் வந்து நின்றது. நான்கு கவுண்டரிலும் எனக்கு மட்டும் புது விரல் முளைத்த மாதிரி இருந்தது.

அவர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. கோப்பின் அளவைத் திறந்து பார்த்து, யாராவது வருகிறார்களா என்று பார்த்து, சட்டென்று மூடினார்.

"எட்டு வந்துடுச்சு" என்றார் மெதுவாக. திருட்டுச் சாமானை வீட்டில் வைத்திருப்பவர் பேசுவதுபோல் இருந்தது.

"இருக்கட்டுமே."

"வாழ்நாள்ல இவ்வளவு பெரிசா நான் எழுதினதே இல்ல. அசிங்கமா இருக்கு."

தலைமையக அம்மா வரும் அன்றைக்கு மற்றவர்கள் வருவதற்கு முன்பே நாங்கள் இரண்டு பேரும் ஆபீசுக்குப் போய்விட்டோம். நான்கு கவுண்டரிலும் பெரிய புரோகிராமைப் போட்டுவிட்டார். கதவு திறந்தது, வரிசை நின்றது, வேலை வழுக்கிக்கொண்டு போனது. வெண்ணெய் திரண்டு வருகிறது என்று நினைத்தேன். தாழியை உடைக்க மேலாளர் வந்தார்.

விசேஷ நாளாயிற்றே என்று அவர் ஒவ்வொரு கவுண்டரிலும் அளவு பார்க்க ஆரம்பித்தார். நான்காம் கவுண்டரில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு அறைக்குள் போய், கையில் நீலப் பிளாப்பியோடு திரும்பி வந்தார்.

"கச்சிதம், இது ஆறு பிளாப்பி கேக்கும்!"

"சார், இது டிஸ்க்லதான் பெரிசு. ஓடும்போது சின்னது."

"ஓடும்போதாவது, நடக்கும்போதாவது! சட்டம் போர்டுல இருக்கு. அந்தம்மா வந்து முதல்ல போர்டைப் படிச்சா என் மானம் என்ன ஆகறது? பழையதைப் போடுங்க."

"பழையது நின்னுபோகும் சார்."

"அது சின்னது கச்சிதம். சின்னது எப்படி நிக்கும்?"

என் வீட்டுக்காரர் எதிர்த்துப் பேசத் தெரியாதவர். நான்காம் கவுண்டரில் பழையதைப் போட்டார். மூன்றாம் கவுண்டரில் போட்டார். இரண்டாம் கவுண்டர்காரி எழுந்து இடம் விட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் எனக்குக் கையால் 'என்னக்கா இது' என்று ஜாடை காட்டினாள். கடைசியாக என்னிடம் வந்தார்.

"கொஞ்சம் எழுந்திரு."

"மாட்டேன்."

"மேலாளர் சொல்றாரு."

"எனக்கு முன்னால ஆள் நிக்கிறாங்க, பார்த்தீங்கல்ல? அவங்களை அனுப்பிட்டு எழுந்திருக்கேன்."

"வரிசை முடியவே முடியாதே."

"முடியாதுதான்" என்றேன். "நீங்க கிடங்குக்குப் போறதை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாதுங்க. அவ்வளவுதான். தள்ளி நில்லுங்க, சாருக்கு லேபிள் அடிக்கணும்."

எனக்கு எதிரே நின்ற ஆள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் வேணும்னா அப்புறமா வரட்டுமாம்மா?" என்றார். "நீங்க அசையக் கூடாது" என்று சொல்லி அவர் பார்சலைப் பிடித்து வைத்துக்கொண்டேன். மேலாளர் என்னை நோக்கி நாலு எட்டு வைத்திருப்பார், வாசலில் கார் வந்து நின்றது. அப்படியே திரும்பி, பிளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

வந்த அம்மாவுக்கு ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. மேலாளர் போட்டு வைத்த குஷன் நாற்காலியை விட்டுவிட்டு, வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். மத்தியானக் கூட்டம் வந்தது. நான்காம் கவுண்டரில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அடுத்து மூன்றில் சுற்றியது. இரண்டாம் கவுண்டர்காரி மவுஸை மேஜையில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மொத்த வரிசையும் என் பக்கம் சாய்ந்தது. எடை, ஊர், கட்டணம், லேபிள், ரசீது, அடுத்தவர். தண்ணீர் குடிக்கக்கூட நான் தலையைத் தூக்கவில்லை.

அந்த அம்மா எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். "மூணு கவுண்டர் நிக்குது, இது மட்டும் எப்படி ஓடுது?"

மேலாளர் சமாளிப்பதில் புலி. "அவங்க கை வேகம் அப்படி மேடம். எங்க ஆபீஸ்லயே திறமைசாலி. ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுக்கலாம்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன்."

சான்றிதழ் என்றதும் ஒரு நிமிஷம் சபலம் தட்டியது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஃபிரேம் போட்டு எங்கே மாட்டலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். பிறகு மாடிப்படிக்குக் கீழே நின்று விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தவரைப் பார்த்தேன்.

"என் கைக்கு ஒரு வேகமும் இல்லைங்க மேடம்" என்றேன். "இதுல இருக்கற புரோகிராம் வேற. இதை எழுதினவர் அதோ நிக்கிறார். என் வீட்டுக்காரர்."

அந்த அம்மா அவரைக் கூப்பிட்டார். அவர் வந்தார். இதற்கிடையே நூறு கல்யாணப் பத்திரிகை உறையோடு ஒருவர் என் முன்னால் வந்து நின்றார். நூற்றுக்கும் லேபிள் அடிக்க வேண்டும். எங்கள் லேபிள் பிரிண்டர் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அது கடகடவென்று ஓட, எனக்கு அவர் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. கையை விரித்தார், சுருட்டினார். பாய் கதை போகிறது என்று புரிந்துகொண்டேன். மேலாளர் பிளாப்பியை எடுத்துக் காட்டினார். அந்த அம்மா அதை வாங்கித் திருப்பிப் பார்த்து ஏதோ கேட்டார். மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் என் வீட்டுக்காரர் என் பக்கம் கையைக் காட்டி என்னவோ சொன்னார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. பாட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார் என்றே நினைத்தேன். இவருக்காக நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருக்கிறேன், இவர் என்னையே காட்டிக் கொடுக்கிறார்! மிச்ச லேபிள்களை உறைகளில் ஒட்டிய வேகத்தைப் பார்த்துக் கல்யாணப் பத்திரிகைக்காரர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அந்த அம்மா போன பிறகு இரண்டாம் கவுண்டர்காரி ஓடிவந்தாள். "அக்கா, கேட்டீங்களா?"

"பிரிண்டர் சத்தத்துல என்னத்தைக் கேட்டேன்! என் மேல என்ன குத்தம் சொன்னார்?"

"ஐயோ, அப்படி இல்லக்கா. 'இந்தப் பிளாப்பியைப் படிக்கற மெஷின் எங்க'ன்னு அந்தம்மா கேட்டாங்க. 'மெஷின் இல்லைங்க மேடம், அளவுக்கு வெச்சிருக்கேன்'னாரு நம்ம ஒன்றரை. அந்தம்மா அப்படியே பார்த்தாங்க பாருங்க! அப்புறம் கச்சிதம் சார் சொன்னாரு, 'தப்பு என்னோடதுதான் மேடம். கோப்பு சின்னதா இருந்தா எல்லாம் சரியா இருக்கும்னு நினைச்சுட்டேன். என் மனைவி ஆரம்பத்துல இருந்தே சொன்னாங்க, உங்க புரோகிராம்தான் நிக்குதுன்னு. நான்தான் காதுல போட்டுக்கல. அவங்க சொன்னதுதான் சரி.' இப்படியே சொன்னாருக்கா, எல்லார் முன்னாலயும்!"

போர்டில் இருந்த சட்டத்தை எடுக்கச் சொல்லிவிட்டாராம் அந்த அம்மா. பெரிய புரோகிராமை நான்கு கவுண்டரிலும் போடச் சொன்னாராம். கிடங்குப் பேச்சை மேலாளர் மெதுவாக எடுத்தபோது, "இவர் போயிட்டா இதை யார் பார்த்துக்கறது? இங்கயே இருக்கட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். நான் எதிரே இருந்த உறையை எடுத்து எடைத்தட்டின்மேல் வைத்தேன். எடை கண்ணுக்குத் தெரியவில்லை, கண் கலங்கியிருந்தது.

ஆனால் என் ஆத்திரம் யாருக்குப் புரியும்? கல்யாணம் ஆன நாள்முதல் அந்த மனிதர் வாயிலிருந்து 'நீ சொன்னது சரி' என்று ஒரு தடவை வந்ததில்லை. வந்த அன்றைக்கு ஊரே கேட்டது, எனக்கு மட்டும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போக பஸ் ஏறினோம். நல்ல கூட்டம். எப்படியோ இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. வழக்கம்போல் அவர் மடியில் பையை வைத்துக்கொண்டு கச்சிதமாக உட்கார்ந்தார்.

"அங்க என்னமோ சொன்னீங்களாமே" என்றேன்.

"ம்."

"என் காதுல விழல."

"அதான் சொல்லியிருப்பாங்களே."

"அவங்க சொன்னா ஆச்சா? நீங்க சொல்லணும்."

முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள்மேல் சாய்ந்து நின்றவர்களைப் பார்த்தார். கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு, பஸ் சத்தத்தில் இந்தத் தடவையும் எனக்குக் கேட்காமல் போய்விடப் போகிறதே என்று பயந்துவிட்டார் போலிருக்கிறது, தொண்டையைத் திறந்து கத்தினார்.

"நீ சொன்னதுதான் சரி!"

பஸ்ஸில் பேச்சு நின்றுவிட்டது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். இனிமேல் வாராவாரம் பஸ் நிலையத்தில் போய் அவருக்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை, இந்தப் பஸ்ஸில் தினமும் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருவார் என்று அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

இது எதுவும் அவருக்குத் தெரியாது. எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டு, முன்னைவிடச் சத்தமாக இன்னொரு தடவை சொன்னார்.